அரசு தரும் வரைபடமும் நம் கடைக் கணக்கும்



நம் முந்தைய தலைமுறை வியாபாரிகளைக் கேட்டால் படியின் கதையைச் சொல்வார்கள். ஒரு சந்தையில் அளந்த படி அடுத்த சந்தைக்குப் பொருந்தாது. பட்டணத்துப் படி வேறு, நாட்டுப்புறத்துப் படி வேறு. அதனால் நெல்லோ பயறோ விலை பேசும் முன் "எந்தப் படி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். 1956-ஆம் ஆண்டு எடை அளவைத் தரச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

அரசு வெளியிடும் வரைபடத் தகவல்களை நம் கணிப்பொறியில் ஏற்றும்போது இதே கேள்வி வேறு உருவில் எதிரே வந்து நிற்கிறது. "எந்தப் படி?" என்று கேட்கத் தெரிந்தவருக்கு இது செலவில்லாமல் கிடைத்த சொத்து. கேட்காமல் இறங்குபவருக்குத் தவறான கணக்கு. இரண்டையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

வரைபடம் நமக்கு எதற்கு?

எந்தக் கிராமத்தில் எத்தனை கடை, எந்தக் கடை ரொக்கம், எந்தக் கடை கடன், எந்தப் பாதையில் போனால் டீசல் மிச்சம் என்பதெல்லாம் நம் லைன் வண்டி ஓட்டுநருக்கு மனப்பாடம். ஆனால் அவர் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. புதியவர் வந்து பாதை பழகுவதற்குள் இரண்டு மாதம் கழிகிறது. அதற்குள் நான்கு கடைகள் வேறு மொத்த வியாபாரியிடம் போய்விடுகின்றன.

மறுபுறம், பெரிய நிறுவனங்கள் எந்தத் தெருவில் கடை திறப்பது, எங்கே குடோன் எடுப்பது என்பதைப் படத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டுதான் முடிவு செய்கின்றன. சுற்றுவட்டத்தில் மக்கள் எத்தனை பேர், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவர்கள் கையில் எண்ணாக இருக்கிறது. நம்மிடம் அது அனுபவமாக இருக்கிறது. அனுபவம் எண்ணைவிடக் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அனுபவத்தை அடுத்தவர் கையில் கொடுக்க முடியாது. படத்தைக் கொடுக்க முடியும். மகனுக்கோ, பங்காளிக்கோ, வங்கி மேலாளருக்கோ காட்ட முடியும்.

அரசு எதைத் தருகிறது?

நாட்டின் வரைபடங்களைத் தயாரிப்பது இந்திய அளவைத் துறை. 1767-ஆம் ஆண்டு தொடங்கிய இத்துறையின் தலைமையகம் டேராடூனில் இருக்கிறது. இந்த வேலைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. நாடு முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும்பணிக்கு, 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் முதல் அடிக்கோட்டை அளந்தது சென்னை பரங்கிமலை அருகில்தான்.

இருநூறு ஆண்டுகளாக அளந்தும் படங்கள் பொதுமக்கள் கைக்கு எளிதில் வந்ததில்லை. கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் விரிவான படங்கள் பாதுகாப்புக் காரணத்தால் கட்டுப்பாட்டில் இருந்தன. 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கென்று தனி வரிசைப் படங்களை ஏற்படுத்தியது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதிகள், இந்தியர்கள் வரைபடத் தகவலைத் திரட்டவும் பயன்படுத்தவும் முன் அனுமதி தேவையில்லை என்று ஆக்கின. 2022-ஆம் ஆண்டு தேசிய புவியிடக் கொள்கையும் அதையே உறுதி செய்தது.

இன்று அத்துறையின் இணையத் தளத்தில் பெயர் பதிந்துகொண்டால், மாநிலம், மாவட்டம், வட்டம் ஆகியவற்றின் எல்லைக் கோப்புகளைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். 1:50,000 அளவுத் திட்டப் படங்களும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடமிருந்து கிராம வாரியான மக்கள்தொகை, வீடுகளின் எண்ணிக்கை அடங்கிய பட்டியல்கள் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்தால் நமக்கு வேண்டிய படம் தயார்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாம்

இவ்வேலைக்கு உதவும் மென்பொருள் க்யூஜிஐஎஸ். 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து வளர்த்து வருவது. இதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. விலையும் இல்லை, ஆண்டுச் சந்தாவும் இல்லை, எத்தனை கணிப்பொறியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பில் போடும் விண்டோஸ் கணிப்பொறியிலேயே இது ஓடும். இறக்கும்போது "நீண்ட காலப் பதிப்பு" என்று குறித்திருப்பதை எடுத்துக்கொள்வது நல்லது. புதிய பதிப்பில் வரும் சில்லறைப் பிழைகள் அதில் குறைவாக இருக்கும்.

கோப்பை ஏற்றும் முறை

1. அரசுத் தளத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு சுருக்கிய பொட்டலம். அதைப் பிரித்தால் ஒரே பெயரில் நான்கைந்து கோப்புகள் இருக்கும். இந்தத் தொகுப்புக்கு ஷேப் கோப்பு என்று பெயர். எஸ்எச்பி என்று முடிவதில் எல்லைக்கோடுகள் இருக்கும். டிபிஎஃப் என்பதில் பெயர், எண் அடங்கிய அட்டவணை. எஸ்எச்எக்ஸ் என்பது எஸ்எச்பி கோப்பில் எந்த வடிவம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அகராதி. பிஆர்ஜே என்பதில்தான் "எந்தப் படி" என்ற விவரம் எழுதியிருக்கும். பலர் எஸ்எச்பி கோப்பை மட்டும் தனியே எடுத்து நண்பருக்கு அனுப்பிவிட்டு, "திறக்கவில்லை" என்று திண்டாடுகிறார்கள். பில், பற்றுச்சீட்டு, லாரி ரசீது மூன்றும் சேர்ந்தால்தான் சரக்குக் கணக்கு. அதுபோல இவை ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

2. மென்பொருளைத் திறந்து "லேயர்" பட்டியலில் "ஆட் லேயர்", அதில் "ஆட் வெக்டர் லேயர்" என்பதைத் தேர்ந்து, எஸ்எச்பி கோப்பைக் காட்டினால் படம் விழும்.

3. படத்தின் பெயர் அருகே கேள்விக்குறி தெரிந்தால், படி எது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை என்று பொருள். பிஆர்ஜே கோப்பு விட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டு மேலே செல்லவும். உத்தேசமாக எதையாவது கொடுத்துவிட வேண்டாம்.

4. அட்டவணையைத் திறந்து பெயர்களைப் பாருங்கள். அளவைத் துறையின் எல்லைக் கோப்புகளில் ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். நெடில் ஓசையைக் காட்ட, கணக்கில் "பெரியது" என்று போடும் குறியும், நிமிர்ந்த கோடும் இடையிடையே கலந்திருக்கும். தமிழ்நாடு என்ற பெயரிலேயே "நா" வருமிடத்தில் அக்குறி நிற்பதைக் காணலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் பெயரை வைத்து வேறு பட்டியலோடு இணைக்க முயன்றால் ஒன்றும் ஒட்டாது.

5. ஆகவே எண்ணை வைத்து இணையுங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் அரசு எண் உண்டு. ஆனால் கணக்கெடுப்புத் துறையின் எண் ஒன்று, உள்ளாட்சிக் கோப்பகத்தின் எண் இன்னொன்று. இரண்டு பட்டியலிலும் ஒரே வகை எண்தானா என்று பார்த்துக்கொள்ளவும். 2011 கணக்கெடுப்பில் நம் மாநிலத்து வட்ட எண்கள் சுழியத்தில் தொடங்கும் ஐந்து இலக்கங்கள். எக்செல் தாளில் திறந்தவுடன் முன்னால் உள்ள சுழியம் மறைந்துவிடும். அந்த நிரலை எழுத்து வகையாக மாற்றிவிட்டே பட்டியலை ஏற்ற வேண்டும்.

நம் கடைகளைப் படத்தில் வைப்பது

அரசு எல்லையைத்தான் தரும். கடைகளை நாம்தான் வைக்க வேண்டும். லைன் வண்டியில் போகும் பையனிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒவ்வொரு கடை வாசலிலும் அகலாங்கு, நெட்டாங்கு இரண்டையும் குறித்து வரச் சொல்லுங்கள். கடைப் பெயர், ஊர், மாதக் கொள்முதல், அகலாங்கு, நெட்டாங்கு என்று ஐந்து நிரல் போதும். இதைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, "ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்" வழியாக ஏற்றலாம். கடைப் பெயர் தமிழில் இருந்தால் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு ஒன்றுண்டு. மென்பொருள் எக்ஸ் என்று கேட்பது நெட்டாங்கை. ஒய் என்று கேட்பது அகலாங்கை. நாம் பேச்சில் அகலாங்கை முதலில் சொல்லிப் பழகியவர்கள். விருதுநகரின் அகலாங்கு சுமார் 9.58, நெட்டாங்கு சுமார் 77.95. இவற்றை மாற்றிக் கொடுத்தால் உங்கள் கடைகள் அனைத்தும் நார்வேக்கு வடக்கே பனிக்கடலில் போய் மிதக்கும். ஏற்றிய பிறகு கடைகளைக் காணவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது "எந்தப் படி?"

பூமி உருண்டை என்றாலும் சரியான உருண்டை அல்ல. அதை எந்த வடிவமாகக் கொண்டு அளப்பது என்பதில் நாட்டுக்கு நாடு முறைகள் வேறுபட்டன. நம் நாட்டுப் பழைய படங்கள், ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ஆம் ஆண்டில் வகுத்த வடிவத்தை ஆதாரமாகக் கொண்டவை. இன்றைய கைப்பேசியும் செயற்கைக்கோளும் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வடிவம். ஒரே இடத்துக்கு இரண்டிலும் எண் வேறு. பழைய படத்து எண்ணைப் புதிய படியில் போட்டால் நம் பகுதியில் இடம் நூறு, இருநூறு மீட்டர் நகர்ந்துவிடும். பழைய நிலப்படத்தை வருடி எடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2005-க்குப் பிந்தைய பொது வரிசைப் படங்கள் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, பாகையும் மீட்டரும். கைப்பேசி தருவது பாகை. அந்த முறைக்கு ஈபிஎஸ்ஜி 4326 என்று எண். பாகையில் உள்ள படத்தில் தூரம் அளக்கக் கூடாது. கடையைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட எண்ணி "10,000" என்று கொடுத்தால், மென்பொருள் அதைப் பத்தாயிரம் பாகை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பாகையே சுமார் 110 கிலோமீட்டர்!

ஆகவே மீட்டர் முறைக்கு மாற்ற வேண்டும். நம் மாநிலம் இதில் இரண்டு மண்டலங்களில் விழுகிறது. நெட்டாங்கு 78 பாகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம். அதன் எண் ஈபிஎஸ்ஜி 32643. கோவை, ஈரோடு, நெல்லை, நாகர்கோவில் இதில் வரும். கிழக்கே 44-ஆம் மண்டலம், எண் 32644. சென்னை, திருச்சி, சேலம், மதுரை, தூத்துக்குடி இதில் வரும். விருதுநகர் மேற்கிலும் மதுரை கிழக்கிலும் விழுவதால் இரண்டு ஊரிலும் லைன் வைத்திருப்பவர் குழம்ப வேண்டாம். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாப் படத்துக்கும் அதையே பயன்படுத்தினால் போதும். கோட்டை ஒட்டிய ஊர்களில் வரும் பிழை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான்.

மாற்றும் முறையில்தான் பெரிய சறுக்கல். "செட் லேயர் சிஆர்எஸ்" என்ற கட்டளை படத்தின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் மாற்றும். "ரீபிராஜெக்ட் லேயர்" என்ற கட்டளைதான் உள்ளே உள்ள எண்களைக் கணக்கிட்டு மாற்றும். மூட்டையின் மேல் 100 பவுண்டு என்று எழுதியிருப்பதை அழித்து 100 கிலோ என்று எழுதினால் உள்ளே சரக்கு கூடிவிடுமா? சீட்டு தவறாக இருந்தால் மட்டுமே முதல் கட்டளை. சீட்டு சரியாக இருந்து, வேறு அளவுக்கு மாற்ற வேண்டுமென்றால் இரண்டாவது கட்டளை. இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்தால் முக்கால் பங்கு சிக்கல் தீர்ந்தது.

இதனால் என்ன செய்யலாம்?

விருதுநகரில் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரியாபட்டி, திருச்சுழி பக்கம் லைன் போகிறார். தம் வாடிக்கைக் கடைகளைப் படத்தில் வைத்து, "பஃபர்" என்ற வசதியால் ஒவ்வொன்றைச் சுற்றியும் மூன்று கிலோமீட்டர் வட்டம் போடுகிறார். எந்த வட்டத்திலும் விழாத ஊர்கள் எவை, அவற்றில் வீடுகள் எத்தனை என்று கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறார். வண்டி அந்த வழியாகத்தான் போகிறது, ஆனால் நிற்பதில்லை என்று தெரிகிறது. புதிய கடை பிடிக்க எங்கே இறங்க வேண்டும் என்பதற்குப் படம் பதில் சொல்லிவிட்டது. வட்டம் காட்டுவது நேர்கோட்டுத் தூரம். குளம், ரயில் பாதை, பாலம் இவற்றைச் சுற்றிப் போகும் சாலைத் தூரம் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் அவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது?

பவுன் நிறுக்கும் தராசில் மூட்டை வைக்க மாட்டோம். லாரி எடைமேடையில் பவுன் நிறுக்க மாட்டோம். வரைபடத்துக்கும் அதே நியாயம்.

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003, கல்வி நிலையங்களிலிருந்து நூறு கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது. இந்தத் தூரத்தைப் பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளிப்புறத்திலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். நம் சிறு கடைக்காரர் பலருக்குக் கவலை தரும் விதி இது. "படத்தில் வட்டம் போட்டு என் கடை வெளியே என்று காட்டிவிடலாமே" என்று யாருக்கும் தோன்றும். நூறு கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அதாவது நூறு கெஜம் அந்தப் படத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய படத்தில் படி மாறினாலோ இருநூறு மீட்டர் வரை போய்விடும். உள்ளே இருக்கும் கடை வெளியே தெரியும். வெளியே இருக்கும் கடை உள்ளே தெரியும். இதை நம்பி அதிகாரியிடம் வாதாடினால் நாம்தான் தலைகுனிய நேரிடும். நூறு கெஜத்துக்கு நாடாவைப் பிடித்துத் தரையில் அளப்பதே வழி.

அதேபோல, எல்லைக் கோப்பைக் காட்டி மனை வழக்குப் பேச முடியாது. கிராம எல்லை என்பது ஆட்சி எல்லை. உங்கள் குடோன் மனைக்கு ஆதாரம் பட்டாவும், வருவாய்த் துறையின் புலப்படமும்தான்.

ஆண்டும் முக்கியம். நம்மிடம் உள்ள கிராம வாரி மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும், 2020-இல் மயிலாடுதுறையும் சேர்ந்து இப்போது 38. பழைய பட்டியலைப் புதிய மாவட்ட எல்லையோடு நேரடியாக இணைத்தால், தென்காசி மக்களெல்லாம் நெல்லைக் கணக்கில் நிற்பார்கள். ஆகவே மாவட்ட அளவில் இணைக்காமல் கிராம அளவில் இணைத்து, பிறகு கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த கணக்கெடுப்பை 2027-இல் நடத்த 2025-இல் அறிவிக்கை வெளியானது. அதன் விவரங்கள் கைக்கு வரும்வரை, வளர்ந்துவிட்ட ஊர்களுக்கு நம் அனுபவத்தால் திருத்தம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

இதை ஒவ்வொரு கடைக்காரரும் தனியே கற்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் கணிப்பொறி தெரிந்த ஓர் இளைஞர் இருந்தால் போதும். வட்ட எல்லையை ஒருமுறை சரியாக ஏற்றி, படி சரிபார்த்து, உறுப்பினர் கடைகளை அதில் வைத்துச் சங்க அலுவலகத்தில் சேமித்துவிட்டால் அது எல்லோருக்கும் பொதுச் சொத்து. புறவழிச்சாலை வருகிறது, சந்தை இடம் மாறுகிறது, பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு எழும்போது, "வியாபாரம் பாதிக்கும்" என்று பொதுவாக மனுக் கொடுப்பதைவிட, இத்தனை கடைகள், இந்த இடத்தில், இத்தனை தூரத்தில் என்று படத்தோடு கொடுக்கும் மனுவுக்கு மதிப்பு அதிகம். கடைக்காரர்களின் கொள்முதல் விவரத்தை மட்டும் பொதுப்படத்தில் சேர்க்க வேண்டாம். அது அவரவர் பேரேட்டுக்குள் இருக்க வேண்டியது.

படத்தை அரசு கொடுத்துவிட்டது. மென்பொருளை உலகம் கொடுத்துவிட்டது. நம் முன்னோர் சந்தையில் கேட்ட அந்த ஒரு கேள்வியை மறவாமல் கேட்டுக்கொண்டால், மீதியை நம் வியாபார அறிவு பார்த்துக்கொள்ளும்.